ஒரே கார், நான்கு காற்று வடிகட்டிகள்: கரும்பு வயல் சாலையில் ஓர் ஒப்பீடு

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்கு வடக்கே டோங்காட் பக்கம் குடியிருப்பவர்களுக்குக் கரும்பு வெட்டும் பருவம் தொடங்கிவிட்டதைச் சொல்ல நாட்காட்டி தேவையில்லை. சருகை ஒழிப்பதற்காக வெட்டுக்கு முன்பு வயலுக்குத் தீ வைப்பார்கள். மறுநாள் காலையில் கொடியில் காயும் துணியிலும், வாசற்படியிலும், காரின் முன்கண்ணாடியிலும் கரித்துணுக்குகள் சுருண்டு கிடக்கும். குளிர்காலத்தில் மலைப்பக்கத்திலிருந்து இறங்கும் சூடான பெர்க் காற்று வீசும் நாட்களில் இதனோடு மண்ணும் சேர்ந்துகொள்ளும். நான் வைத்திருப்பது பெட்ரோலில் ஓடும் டொயோட்டா கொரோலா குவெஸ்ட். ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பெரும்பகுதி என்-2 நெடுஞ்சாலையில் என்றாலும், என் அக்காவின் வீட்டுக்குப் போக வேண்டுமானால் கரும்பு லாரிகள் உழுது போட்ட மண்சாலையைத் தவிர வேறு வழியில்லை. முன்னால் ஒரு லாரி போய்விட்டால் ஐந்து நிமிடத்துக்குச் சாலை எங்கே இருக்கிறது என்பதே தெரியாது.

இந்தச் சாலைதான் என்னை இந்த ஒப்பீட்டில் இறக்கியது. கடந்த இரண்டு ஆண்டுகளில் இதே காரில் நான்கு வகை எஞ்சின் காற்று வடிகட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்தி ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் 7,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். ஒன்று மட்டும் அவ்வளவு தூரம் தாங்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் எஞ்சின் எண்ணெயையும் மாற்றி, பழைய எண்ணெயில் ஒரு சிறு புட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். இந்தச் செலவுக்கு வீட்டில் என்ன பெயர் கிடைத்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை.

வடிகட்டியின் வேலை எவ்வளவு பெரியது என்பதைப் பெரும்பாலானோர் குறைத்தே மதிப்பிடுகிறோம். பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு இது ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று என்று வரும். நூறு கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் கார் 15,000 கிலோமீட்டருக்கு 1,200 லிட்டர் பெட்ரோலை எரிக்கும். அதற்காக அது உள்ளிழுக்கும் காற்று ஒரு கோடி லிட்டருக்கும் மேல். அத்தனையும் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைவிடச் சற்றே பெரிய ஒரு மடிப்புக் காகிதத்தின் வழியாகத்தான் போகிறது.

அந்தக் காற்றில் எல்லாத் தூசியும் ஒரே வகைத் தீமையைச் செய்வதில்லை. கண்ணில் படும் கரும்புக் கரித்துணுக்கு அளவில் பெரியது. எந்த மட்டமான வடிகட்டியும் அதைப் பிடித்துவிடும். பயப்பட வேண்டியது மண்ணை. டர்பன் கரையோரத்தில் ‘பெரியா’ (Berea) என்று அழைக்கப்படும் செம்மணலில் நிறைந்திருப்பது குவார்ட்சு என்ற, சிலிக்கான் அடங்கிய கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் எண் 7. கத்தியின் எஃகைக் கீறக்கூடியது. மனித முடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்றால், பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலம் அதில் மிகச் சிறு பங்குதான். அந்தப் படலத்தின் தடிமனைவிடப் பெரிய மணல் துகள் ஒன்று உள்ளே புகுந்தால், இரு உலோகங்களையும் ஒரே நேரத்தில் உரசிக்கொண்டே போகும். சில மைக்ரான் முதல் இருபது மைக்ரான் வரையிலான, வெறுங்கண்ணால் எளிதில் பார்க்க முடியாத துகள்களே வடிகட்டிக்கு உண்மையான தேர்வு வைப்பவை.

வடிகட்டியை விற்கும் அட்டைப்பெட்டியின் மேல், தூசியில் எவ்வளவு பிடிக்கும் என்று அச்சிடப்படும் விழுக்காட்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான். வாகனக் காற்று வடிகட்டிகளை ஆய்வகத்தில் ஒப்பிடப் பயன்படும் முறை ஐ.எஸ்.ஓ. 5011 எனப்படும் பன்னாட்டுத் தரமுறை. இதில் வடிகட்டியின் வழியே அளந்த வேகத்தில் காற்றைச் செலுத்தி, அதில் தரப்படுத்தப்பட்ட சோதனைத் தூசியைச் சீராகக் கலந்துவிடுவார்கள். வடிகட்டிக்குப் பின்னால், தப்பி வரும் எதையும் விடாத இன்னொரு வடிகட்டி இருக்கும். கடைசியில் இரண்டின் எடையையும் பார்த்து, ஊட்டிய தூசியில் எத்தனை பங்கு நின்றது, எத்தனை பங்கு தப்பியது என்று கணக்கிடுவார்கள். காற்றோட்டத்துக்கு ஏற்படும் தடை குறிப்பிட்ட எல்லையைத் தொடும்போது சோதனை முடியும். அதுவரை பிடித்த தூசியின் எடையே அதன் கொள்ளளவு.

சோதனைத் தூசியில் நுண்மையானது, பருமையானது என்று வகைகள் உண்டு. பருமையான தூசியில் 99 விழுக்காடு வாங்குவதும் நுண்தூசியில் 99 வாங்குவதும் ஒன்றல்ல. எந்தத் தூசி என்று சொல்லாமல் வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டிருக்கும் பெட்டியை நான் எண் அச்சிடாத பெட்டியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

எண்ணைப் படிக்கும் விதத்திலும் ஒரு பிசகு இருக்கிறது. 99.5 விழுக்காட்டையும் 96 விழுக்காட்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தோன்றும். கணக்குக்காக, ஒரு வடிகட்டியின் ஆயுளில் 50 கிராம் தூசி அதன் வாசலுக்கு வருகிறது என்று கொள்வோம். முதல் வடிகட்டி அதில் கால் கிராமை உள்ளே விடும். இரண்டாவது 2 கிராமை விடும். எட்டு மடங்கு வேறுபாடு. எஞ்சினைத் தேய்ப்பது பிடிபட்ட தூசி அல்லவே. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் என் காரைப் பார்க்கும் முதிய மெக்கானிக் அண்ணன் இதைத் தம் பாணியில் சொன்னார். கோவில் பள்ளியில் படித்த தமிழை இன்றும் விடாமல் பேசும் சிலரில் அவர் ஒருவர். "தம்பி, நூத்துக்குத் தொண்ணூத்தாறு மார்க்குன்னா உன் பையனுக்கு மிட்டாய் வாங்கிக் குடு. ஃபில்டருக்கு அந்த விட்டுப்போன நாலு மார்க்குதான் கணக்கு."

இனி வடிகட்டிகளுக்கு வருகிறேன். என் சோதனை ஆய்வகச் சோதனை அல்ல. காரில் வடிகட்டி உட்காரும் பெட்டியின் தூய பக்கச் சுவரில், அதாவது வடிகட்டியைத் தாண்டி எஞ்சினை நோக்கி இருக்கும் பக்கத்தில், விரல்நுனி அளவு கிரீஸைக் கண்ணாடித்தாள் போல மெல்லியதாகப் பூசி வைத்தேன். வடிகட்டியைத் தாண்டிய தூசி அதில் ஒட்டும். கழற்றும்போது வெள்ளைத் துணியால் காற்றுக் குழாயின் உட்புறத்தைத் துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் ஆய்வறிக்கையில் சிலிக்கான் எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்தேன், ஏனென்றால் மண் உள்ளே போனதற்கு முதல் சாட்சி அதுதான். சிலிக்கான் எஞ்சின் மூட்டுகளில் பூசும் பசையிலிருந்தும் எண்ணெயில் கலக்கக்கூடும் என்பதால் ஒற்றை அறிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. ஒரே எஞ்சினில் அடுத்தடுத்து வரும் அறிக்கைகளை ஒப்பிட்டால்தான் பொருள் கிடைக்கும். பருவங்களும் ஒன்றாக அமையவில்லை. முதல் வடிகட்டிக்கும் மூன்றாவதற்கும் வறண்ட குளிர்காலம் வாய்த்தது. இரண்டாவதும் நான்காவதும் மழைக்காலத்தில் ஓடின, அதாவது அவற்றுக்கு எளிய வேலையே கிடைத்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

முதலாவது, டொயோட்டாவின் முத்திரையோடு விற்பனையகத்தில் கிடைக்கும் அசல் காகித வடிகட்டி. இதைப் பற்றி எழுத அதிகம் இல்லை, அதுவே அதன் பெருமை. பெட்டிக்குள் வைத்து அழுத்தியவுடன் விளிம்பு சுற்றிலும் சமமாக உட்கார்ந்தது. பிடிகள் நான்கும் ஒரே அழுத்தத்தில் பூட்டின. 7,500 கிலோமீட்டருக்குப் பிறகு தூசிப் பக்கம் செங்கல் நிறத்தில் இருந்தது, தூய பக்கம் புதிதாக வாங்கிய நாளின் நிறத்திலேயே இருந்தது. கிரீஸில் விரலை வைத்துத் தேய்த்தால் நெருடவில்லை. விலை மட்டும் மூன்றாவது வடிகட்டியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இரண்டாவது, சந்தையில் ஒரு கடையில் வாங்கிய பெயரில்லாத காகித வடிகட்டி. எந்தக் கடை, எந்த இறக்குமதி என்பதைச் சொல்லப்போவதில்லை. பெட்டியில் கார் மாடலின் பெயர் சரியாக இருந்தது, மற்றெல்லாம் பிழையாக இருந்தது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது மடிப்புகள் சீரான இடைவெளியில் இல்லை. ஓரிடத்தில் மூன்று மடிப்புகள் ஒட்டிக்கொண்டும் அடுத்த இடத்தில் விரிந்தும் கிடந்தன. விரிந்த இடத்தில் காற்று அதிகமாகப் பாயும், ஒட்டிய இடம் வீணாகும் என்பதால் மடிப்புகளின் ஒழுங்கு வெறும் அழகுக்காக அல்ல. இருந்தும் காகிதத்தை நான் குறை சொல்ல மாட்டேன். குற்றம் விளிம்பில் இருந்தது. அசல் வடிகட்டியின் விளிம்பு மென்மையான ரப்பரைப் போல விரலுக்கு இடங்கொடுத்து நிமிரும்; இது காய்ந்த தோசையைப் போல விறைப்பாக இருந்தது. அழுத்திப் பூட்டினால் ஒரு மூலை எழும்பி நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

மூவாயிரம் கிலோமீட்டரில், மழைக்காலத்திலேயே, பெட்டியைத் திறந்து பார்த்தேன். எழும்பிய அந்த மூலையிலிருந்து தூய பக்கத்தை நோக்கி விசிறி போல ஒரு செம்மண் கோடு விரிந்திருந்தது. கிரீஸில் மணல் நெருடியது. துணி பழுப்பாக வந்தது. அன்றே கழற்றிவிட்டேன். ஆய்வகத்திலிருந்து வந்த தாளில் சிலிக்கான் முந்தைய அறிக்கையைவிடத் தெளிவாக ஏறியிருந்தது, அதுவும் பாதிக்கும் குறைவான தூரத்தில். இந்த வடிகட்டியின் காகிதத்தை மட்டும் வெட்டி ஆய்வகத்தில் வைத்தால் மரியாதையான ஒரு விழுக்காடு கிடைத்திருக்கக்கூடும் என்றே நினைக்கிறேன். ஆனால் காற்று நோகாமல் போக இடம் இருக்கும்போது மடிப்புகளுக்குள் முட்டிக்கொண்டு போகாது. ஒரு மில்லிமீட்டர் இடுக்கு நம் கண்ணுக்கு ஒன்றுமில்லை. இருபது மைக்ரான் மணலுக்கு அது அகலத் திறந்த வாசல். வடிகட்டும் திறனைப் பற்றிப் பேசும் எவரும் காகிதத்தைவிட விளிம்பைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்று இந்த மூவாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு நம்புகிறேன்.

மூன்றாவது, ஜி.யு.டி. நிறுவனத்தின் காகித வடிகட்டி. டர்பனின் தெற்கேயுள்ள புரோஸ்பெக்டனில் இயங்கும் நிறுவனம் அது. என் காரைக் கட்டிய டொயோட்டா ஆலையும் அதே புரோஸ்பெக்டனில்தான் இருக்கிறது. உள்ளூர்ப் பெருமைக்காக இதை வாங்கினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். உதிரிபாகக் கடை எதில் நுழைந்தாலும் முதலில் கைக்கு வருவது இதுதான். பொருத்தம் அசலுக்குக் குறைவில்லாமல் இருந்தது. விளிம்பு மட்டும் அசலைவிடச் சற்றுத் தடிப்பு, ஆகவே மூடியைப் பூட்டும்போது கொஞ்சம் கூடுதலாக அழுத்த வேண்டியிருந்தது. இதற்கு வாய்த்தது மிக வறண்ட குளிர்காலம். அக்காவின் வீட்டில் கட்டட வேலை நடந்ததால் அந்த மண்சாலையில் வழக்கத்தைவிட அதிகமாகப் போய்வந்தேன். கழற்றியபோது தூசிப் பக்கம் கொட்டினால் மண் உதிரும் நிலையில் இருந்தது. தூய பக்கம் சுத்தம். சிலிக்கான் அளவு அசல் வடிகட்டியின் காலத்தில் இருந்த அளவுக்கே இறங்கிவிட்டது. இரண்டுக்கும் இடையே எது மேல் என்று கேட்டால், என் வீட்டுச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு நெருக்கம் என்பதே நேர்மையான பதில்.

தூசி படிந்த காகித வடிகட்டி புதியதைவிட நன்றாக வடிகட்டும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முதலில் படியும் துகள்கள் இழைகளின் இடுக்குகளை அடைத்து, தாமே இன்னொரு நுண்ணிய வடிகட்டியாகிவிடுகின்றன. அதனால்தான் ஆய்வக அறிக்கைகளில் தொடக்கத் திறன், முழு ஆயுள் திறன் என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது பொதுவாகக் குறைவாகவே இருக்கும். கொஞ்சம் அழுக்கைப் பார்த்ததும் வடிகட்டியை மாற்றுபவர் எஞ்சினுக்கு நன்மை செய்வதாக நினைத்து, அதன் பலவீனமான தொடக்க நாட்களையே திரும்பத் திரும்ப வாங்குகிறார். அதைவிடக் கேடு, அழுத்தக் காற்றைப் பாய்ச்சிச் சுத்தம் செய்வது. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இன்றும் இது வழக்கம். இலவசம் என்பதால் யாரும் வேண்டாம் என்பதில்லை. அந்த அழுத்தம் காகித இழைகளைப் பிளந்துவிடும். பிளந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருட்டறையில் உள்ளிருந்து விளக்கடித்தால் ஊசிமுனை வெளிச்சமாகத் தெரியும்.

அடைபட்ட வடிகட்டி பெட்ரோலைக் குடிக்கும் என்ற நம்பிக்கையும் பழைய கார்ப்யுரேட்டர் காலத்தின் மிச்சம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருள் செலுத்தும் இன்றைய பெட்ரோல் கார்களில் வடிகட்டி அடைபடுவது எரிபொருள் செலவைக் கூட்டவில்லை என்றும், வேகம் எடுப்பதில்தான் மந்தம் தெரிகிறது என்றும் கண்டார்கள். உள்ளே வரும் காற்று குறைந்தால் கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

நான்காவது, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் எண்ணெய் பூசிய பருத்தி வலை வடிகட்டி. இந்த வகையை உலகம் முழுவதும் பிரபலமாக்கியது கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம். தம் வடிகட்டிகளின் திறன் பொதுவாக 96 முதல் 99 விழுக்காடு வரை என்று அந்த நிறுவனமே சொல்லிவருகிறது. நான் பொருத்தியது அதே வகையில் வேறொருவர் தயாரித்தது, விலை ஜி.யு.டி. காகிதத்தைப் போலப் பல மடங்கு. இதன் தத்துவம் எளிது: பருத்தி இழைகளின் துளைகள் பெரியவை, ஆனால் அவற்றில் பூசிய பிசுபிசுப்பான எண்ணெய் மோதும் துகளைப் பிடித்துக்கொள்கிறது. துளை பெரியதாக இருப்பதால் காற்றுக்குத் தடை குறைவு. பந்தயக் காருக்கு இது உண்மையான லாபம். ஆக்ஸிலரேட்டரைப் பாதி மிதித்து அலுவலகத்துக்குப் போகும் குவெஸ்ட்டுக்கு அந்த லாபம் எங்கே தெரியும்? சத்தம் சற்றுக் கூடியது. என் மகனுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

மழைக்காலத்தின் எளிய வேலையிலேயே கிரீஸில் மிக மெல்லிய மாவு போன்ற பழுப்புப் பூச்சு ஒட்டியிருந்தது. பெயரில்லா வடிகட்டியைப் போல ஒரு மூலையிலிருந்து வந்த கோடு அல்ல. விளிம்பு நன்றாகவே பொருந்தியிருந்தது. எங்கும் சமமாகப் பரவிய பூச்சு அது, வலை வழியாகவே வந்தது. சிலிக்கான் அளவு காகித வடிகட்டிகளுக்கும் பெயரில்லாததற்கும் நடுவே நின்றது. கழுவி உலர்த்தி மீண்டும் எண்ணெய் பூசும் வேலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குறைத்துப் பூசினால் துளைகள் திறந்தே கிடக்கும். கூட்டிப் பூசினால் எண்ணெய்த் துளிகள் காற்றோடு போய், காற்றின் அளவை உணரும் சூடான மெல்லிய கம்பியில் படியக்கூடும். என் உறவினர் ஒருவரின் பக்கியில், அதாவது பின்தட்டு வண்டியில், எச்சரிக்கை விளக்கு எரிந்ததற்கு அதுதான் காரணமாக இருந்தது. எண்ணெயைத் தாராளமாக ஊற்றியவர் அவரேதான். தார்ச்சாலையிலேயே ஓடும் காருக்கு இந்த வடிகட்டியை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். கரும்பு வயல் மண்சாலைக்கோ, செரஸுக்கும் கால்வினியாவுக்கும் நடுவே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தாரே இல்லாமல் கிடக்கும் ஆர்-355 போன்ற, கரூ என்ற வறண்ட நிலப்பகுதியின் சாலைக்கோ இதைப் பொருத்திக்கொண்டு போவதை என்னால் பரிந்துரைக்க முடியாது.

என் குவெஸ்ட்டில் இப்போது இருப்பது ஜி.யு.டி. காகித வடிகட்டி. அசலின் விலை எனக்குப் பொருட்டாக இல்லாதிருந்தால் அதையே போட்டிருப்பேன். மாற்றும் இடைவெளி இரண்டுக்கும் ஒன்றுதான். அக்கா வீட்டுச் சாலையைக் கணக்கில் எடுத்து, 15,000 கிலோமீட்டர் சர்வீஸுக்குக் காத்திராமல் 10,000-இல் மாற்றுவதாக முடிவு செய்திருக்கிறேன். பொருத்தும் முன் பெட்டியின் அடியில் கிடந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்தேன்; இல்லையென்றால் பழைய வடிகட்டியைத் தூக்கும்போதே அது தூய பக்கத்தில் விழும். விளிம்பைச் சுற்றி விரலை ஒருமுறை ஓட்டி, எங்கும் எழும்பவில்லை என்று பார்த்துக்கொண்டேன். வடிகட்டியின் ஓரத்தில் பேனாவால் தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் எழுதினேன். மெக்கானிக் அண்ணன் அதைப் படித்துவிட்டு, இடையில் யாரும் திறந்து ஊதிவிடக் கூடாது என்று அதன் கீழே தம் கையால் ஒரு கோடு போட்டு மூடியைப் பூட்டினார்.